சேமக்காலை வளவுல மாரிக்கு வாற குருவிகள எண்ணுறது எப்பிடி? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

படுவான்கரையான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஊர் மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம், பேரச் சொன்னா ஆளப் பிடிச்சிருவாங்க, அதால வேணாம். மாதா கோயில் வளவு ஒண்டு இரிக்கு, நல்ல பழைய வளவு. முன்னுக்கு கோயிலும் மணிக்கோபுரமும், பின்னுக்கு சேமக்காலை, அது முடிய கம்பி வேலி, வேலிக்கு அங்கால வயல், வயலுக்கும் அங்கால வாவி. 1978 சூறாவளிக்குத் தப்பின புளியமரம் நிக்கிது, மத்தது வேம்பு, நாவல், கல்லறைகளுக்கு நடுவால அலரி.

மாரி தொடங்கினா இந்த வளவுல சத்தமே மாறிரும், கோடையில காணாத குருவியெல்லாம் வந்து நிக்கும். இந்த முறை மறைக்கல்விப் புள்ளையளோட சேந்து அதுகள எண்ணி எழுதி வைப்பம் எண்டு யோசிச்சன், பாதரும் ஓம் எண்டுட்டார். டிசம்பர்ல தொடங்கி பெப்ரவரி முடியும் மட்டும் செய்யலாம் எண்டு நினைக்கிறன். ஆனா எண்ணுறது எண்டா எப்பிடி எண்டுதான் விளங்கல்ல. புலுனிக் கூட்டம் ஒரு மரத்துல நிக்கிது, எண்ணி முடிக்க முதல் மற்ற மரத்துக்குப் பாயுது, மறுகா திரும்பி வருது, இத எத்தினை எண்டு எழுதிற? விடியப்புறம் வாவிப் பக்கம் இருந்து கொக்கு நீர்க்காகம் எல்லாம் தலைக்கு மேலால போகும், அதுவும் நம்மட கணக்கா? வெளியூர்ல இருந்து வாறத மட்டும் எழுதினாப் போதுமா, இல்ல காகம் மைனாவும் எழுதணுமா?

ரெண்டு குருவி என்ன எண்டும் சொல்லுங்க. ஒண்டு மண்நிறம், கண்ணால கறுத்தப் பட்டி, கல்லறைச் சிலுவையில குந்திக்கொண்டு கரகரெண்டு கத்தும், வேற குருவி வந்தா விரட்டும். மற்றது புளியமரத்துக்குக் கீழ சருகுக்குள்ள நடந்து திரியுது, நடக்கக்குள்ள வால மட்டும் இல்ல, பின்பக்கத்தையே பக்கப்பாட்டுக்கு ஆட்டும், நெஞ்சில கறுப்புக் கோடு. கிட்டப் போனா எழும்பிக் கொப்புல போய் நிண்டு, கொப்புலயும் நடக்குது. ஃபோன்ல படம் எடுத்தா சருகு மட்டும்தான் விழுது.

உள்ளான் (கல்லடி):

தம்பி நல்ல வேல, செய்ங்க. சிலுவையில குந்துறது பழுப்புக் கீச்சான். சைபீரியா, மொங்கோலியா, வடசீனாப் பக்கம் குஞ்சு பொரிச்சிட்டு செப்டம்பர் ஒக்டோபர்ல இஞ்ச வந்து சேரும், ஏப்ரல் மட்டும் நிக்கும். வந்த உடன ஒரு இடத்தப் பிடிச்சிக்கொண்டு இது என்ட வளவு எண்டு கத்துற கத்துதான் நீங்க கேக்கிறது. கால்ல வளையம் போட்டுப் பாத்த இடங்கள்ல போன வருசம் நிண்ட அதே குருவி அதே இடத்துக்குத் திரும்பி வந்திருக்கு, அதால உங்கட சிலுவையில நிக்கிறது போன மாரிக்கு நிண்ட ஆளாவும் இருக்கலாம். வேலிக் கம்பி முள்ளுல வெட்டுக்கிளி, சின்ன ஓணான் குத்திக் கிடந்தா பயப்பிட வேணாம், அதுட வேலதான்.

சருகுக்குள்ள நடக்கிறது கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டியெல்லாம் மேலயும் கீழயும் ஆட்டும், இது ஒண்டுதான் பக்கவாட்டுல, அதுல பிழை வராது. நெஞ்சில ரெண்டு கறுப்புப் பட்டி இருக்கும், மேல் பட்டி முழுசு, கீழ் பட்டி நடுவுல அறுந்தாப் போல. வயல்ல நிக்கிற மஞ்சள் வாலாட்டி திறந்த வெளிக் குருவி, இது நிழலும் சருகும் இல்லாத இடத்துல நிக்காது. இது உங்கட வளவுல நிக்கிதெண்டா வளவு நல்லா இருக்கெண்டு அர்த்தம்.

இப்ப எண்ணுற கதை. வெளியில இருந்து வாறத மட்டும் எண்ணாதீங்க, அதுதான் கன பேர் செய்யிற வேல. காகம், மைனா, புலுனி, செண்பகம், கரிச்சான் எல்லாத்தையும் எழுதுங்க. ஏனெண்டா நாளைக்கு ஆரும் உங்கட கொப்பியப் பாத்தா, மைனா இல்லாததால எழுதல்லயா, இருந்தும் இதென்ன மைனாதானே எண்டு விட்டயா எண்டு தெரிய வழி இல்ல. ஈபேர்ட் எண்டு ஒரு ஆப் இருக்கு, அமெரிக்காவுல கோர்னெல் யூனிவர்சிட்டி நடத்துறது, காசு இல்ல. அதுல பட்டியல் போட்டு முடியக்குள்ள ஒரு கேள்வி கேக்கும், நீங்க அடையாளம் கண்ட குருவி எல்லாத்தையும் எழுதினயளா எண்டு. அந்தக் கேள்விக்கு ஓம் எண்டு சொல்லக் கூடியதாத்தான் எண்ணணும், இல்லாட்டி அது சும்மா பாத்த கதையாப் போகும்.

நேரம் முக்கியம். டிசம்பர் ஜனவரியில நம்மட பக்கம் சூரியன் ஆறேகால் மட்டில எழும்பும், ஆறரைக்குத் தொடங்கி அரைமணித்தியாலம் போதும். ஞாயிற்றுக்கிழமை வேணாம், மணியடிக்கும், பூசைக்கு ஆக்கள் வருவாங்க, மோட்டார்சைக்கிள் நிறையும். சனிக்கிழமை செய்ங்க. ஒவ்வொரு முறையும் அதே கேற்றால தொடங்கி கோயிலச் சுத்தி சேமக்காலைக்குள்ளால பின் வேலி மட்டும் ஒரே பாதையில மெதுவா நடங்க. முன்னுக்கு நிக்கிறத எண்ணுங்க, எண்ணி முடிச்சது பின்னால இருந்து பறந்து முன்னுக்கு வந்தா விட்டிருங்க. திரும்பி வரக்குள்ள எண்ணவே வேணாம். புலுனிக்கு ஒரு வழிதான் இருக்கு, ஒரே பார்வையில ஆகக் கூட எத்தினை கண்டயளோ அதத்தான் எழுதிற. முதல் எட்டு, மறுகா பதினொண்டு, மறுகா ஆறு எண்டா கூட்டக் கூடாது, பதினொண்டுதான் கணக்கு.

மேலால போறதுக்கு கொப்பியில தனி நிரல் போடுங்க. வாவியில இருந்து வயலுக்குப் போற கொக்கு உங்கட வளவப் பாவிக்கிற குருவி இல்ல, ஆனா போறதும் ஒரு தகவல்தான், ஈபேர்ட்ல அதையும் சேத்துப் போடலாம். தந்திக்கம்பியில வரிசையா குந்துறது தகைவிலான், அது மாரிக்கு வாற குருவி. கம்பியில குந்தாம மணிக்கோபுரத்தச் சுத்திச் சுத்தியே பறக்கிறதெண்டா உழவாரன், அது இஞ்சயே இருக்கிற ஆள், அதுட கால் கம்பியில குந்துற கால் இல்ல. புள்ளையள் இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பும், முதல் நாளே காட்டிக் குடுங்க.

பின்னேரம் ஒரு முறை தனியாப் போங்க. ஆறு மணிக்கு முன்ன பின்ன சருகுப் பக்கம் இருந்து ரெண்டு சத்தமா ஒரு விசில் வந்தா ஆறுமணிக் குருவி. இந்தியாவுல இமயமலை அடிவாரத்துலயும் நடு இந்தியக் காடுகள்லயும் குஞ்சு பொரிச்சிட்டு ஒக்டோபர்ல இஞ்ச வாறது, வந்த புதுசுல களைச்சுப் போய் வீட்டுக்குள்ள, கோயிலுக்குள்ள எல்லாம் வந்து விழும். பகல்ல காணுறது கஷ்டம், சத்தத்தாலதான் எண்ணணும். ஒண்டு இடப்பக்கம் கத்த மற்றது பின்னால இருந்து பதில் குடுத்தா ரெண்டு. ஒண்டு கத்தி மறுகா கொஞ்சம் தள்ளி அதே சத்தம் வந்தா ஒண்டெண்டுதான் எழுதணும். ஃபோன்ல சத்தம் போட்டு மட்டும் கூப்பிட வேணாம், சாப்பாடு தேடுற நேரத்துல வீணா அலைக்கழிக்கிற வேல அது.

ரீச்சர்_நாவிதன்வெளி:

மேல அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா புள்ளையளோட செய்யக்குள்ள வேற பிரச்சினை. இருவது புள்ளையளக் கூட்டிக்கொண்டு போனா ஒரு குருவியும் மிஞ்சாது. நான் பாடசாலையில செய்யிறது அஞ்சஞ்சு பேரா, ஒரு குழு மட்டும் நடக்கும், மற்றாக்கள் கோயில் விறாந்தையில இருந்து கம்பியில குந்துறத எண்ணட்டும். குழுவுல ஒரு ஆள் நேரம் பாக்கிற, ஒரு ஆள் எழுதுற, மத்தாக்களுக்கு ஆளுக்கு ரெண்டு குருவி குடுத்துவிடுங்க. நீ மைனாவும் கரிச்சானும், நீ புலுனியும் அணிலும் எண்டு. அணில் குருவி இல்லத்தான், ஆனா ஆகச் சின்னப் புள்ளைக்கு அது குடுத்தா சத்தம் போடாம இருக்கும் 😄

நாலு கோடு போட்டு அஞ்சாவது குறுக்கால வெட்டுறது பழகிக் குடுங்க, எழுதுற புள்ள குனிஞ்சு நிமிர நேரம் மிச்சம். பைனாகுலர் இல்லையெண்டு கவலைப்பட வேணாம், புள்ளையளுட கண் நம்மட கண்ணவிட மேல். கொப்பியும் பென்சிலும் எடுங்க, பேனை மழையில ஊறிரும். மழை பெய்யக்குள்ள எண்ண வேணாம், குருவியும் நனைஞ்சு ஒதுங்கி நிக்கும். ஆனா ராவெல்லாம் பெய்ஞ்சு விடிய விட்டா அந்த விடியல் மாதிரி வேற வராது, எல்லாம் இறகு காய வைக்க வெளிய வரும்.

ஒண்டு கேக்கணும், வெள்ளையா நீளவால் குருவி வருதா அங்க? ரிப்பன் மாதிரி வால். இஞ்ச அம்பாறை டவுன் பக்கச் சிங்களப் புள்ளையள் அத ரெதி ஹொரா எண்டு சொல்லுங்கள், உடுப்புக் களவெடுத்துக்கொண்டு ஓடுற கள்ளனாம்.

உள்ளான் (கல்லடி):

ரீச்சர் நல்லதக் கேட்டீங்க. அது அரசவால் ஈபிடிப்பான். இது எண்ணுறதுல ஒரு வில்லங்கம் இருக்கு. நம்மட நாட்டு ஆண் குருவி எப்பவும் செம்மண் நிறம்தான், வெள்ளையாகிறது இந்தியாவுல இருந்து மாரிக்கு வாற ஆண். அதால வெள்ளையக் கண்டா அது கட்டாயம் வந்த குருவி. ஆனா செம்மண் நிறத்துல கண்டா நம்மட ஆளாவும் இருக்கலாம், வந்ததுட பெட்டையாவும் இளசாவும் இருக்கலாம், பாத்துப் பிரிக்கேலாது. கொப்பியில வெள்ளை இத்தின, செம்மை இத்தின எண்டு பிரிச்சு எழுதுங்க, போதும். அதுக்கு மேல ஊகிக்க வேணாம்.

அதே மாதிரி புளியமர உச்சியில சின்னதா பச்சையா ஒண்டு நிக்காமத் துள்ளித் திரியும், கதிர்க்குருவி வகை. அதுல கன இனம் ஒரே அச்சு, சத்தம் பழகினாத்தான் பிரிக்கலாம். தெரியாட்டி கதிர்க்குருவி வகை எண்டு மட்டும் எழுதுங்க. மெர்லின் ஆப் சத்தம் கேட்டுப் பேர் சொல்லும், நல்லது, ஆனா அது சொல்லிற்றெண்டு மட்டும் எழுதாதீங்க, கண்ணால தேடிப் பாருங்க. கரிச்சான் மற்றக் குருவிட சத்தத்தையும் சேத்துப் பாடும், ஆப் ஏமாறும்.

வெயிலான்:

குருவி எண்ணி என்னகா வரப்போகுது? எண்ணினா வயலுக்கு உரம் வருமா? புள்ளையளுக்கு ரெண்டு கணக்குப் படிப்பிச்சாலும் பிரயோசனம்.

ரீச்சர்_நாவிதன்வெளி:

அஞ்சஞ்சா எண்ணிக் கூட்டுறது கணக்குத்தான் தம்பி.

அக்கரைப்பத்துக் காக்கா:

படுவான்கரைத் தம்பி, நம்மட பள்ளி மையவாடிக்குள்ளயும் இதே கதைதான் கண்டயளா. பூவரசும் வேம்பும் நிக்கிது, ஆரும் உள்ள போறல்ல, அதால ஒக்டோபர்ல இருந்து கீச்சான் நிரந்தரக் குடி. சின்ன சாம்பல் ஈபிடிப்பான் ஒண்டும் வரும், ஒரே கொப்புல குந்தியிரிந்து பாய்ஞ்சு பூச்சியப் பிடிச்சிட்டு கிறுகி அதே கொப்புக்கே வரும். அத எண்ணுறது லேசு, நாளைக்கும் அதே கொப்புலதான் நிக்கும்.

நான் வயல் செய்யிற ஆள், அதால ஒண்டு சொல்லுறன், உங்கட பின் வேலி வயலோட சேந்திரிக்கி எண்டீங்க. டிசம்பர்ல பயிர் இளசு, வயல்ல தண்ணி நிக்கும், உள்ளானும் மணல் கோழியும் வரம்புல நிக்கும், வேலியில நிண்டு பாத்தாலே காணலாம். பயிர் வளந்து மூடினா கண்ணுக்குப் படாது, அது போயிற்றெண்டு நினைச்சிராதீங்க. ஜனவரி கடைசி பெப்ரவரியில வெட்டு மெசின் இறங்கினா கொக்கெல்லாம் மெசினுக்குப் பின்னால திரியும், தகைவிலான் மேலால பூச்சி பிடிக்கும், அந்தக் கிழமை உங்கட வேலிப் பக்கக் கணக்கு ஒரேயடியா ஏறும். அது குருவி கூடினது இல்ல, வயல் மாறினது. அதால கொப்பியில குருவிக்குப் பக்கத்துல வயல் என்ன நிலைமை எண்டும் ஒரு சொல்லுப் போடுங்க. தண்ணி, பச்சை, கதிர், வெட்டு, எண்ணெய் (பூச்சிமருந்து) அடிச்ச நாள் எண்டா அதையும். எண்ணெய் அடிச்சு ரெண்டு நாளைக்கு நீலவால் பஞ்சுருட்டான் வேலிப் பக்கம் குறையும், தும்பி செத்தா அது என்னத்தத் திங்கிற?

இன்னொண்டு, எண்ணுற புள்ளையளுக்குள்ள கெட்டபோல் (கவண்) வெச்சிரிக்கிற வாண்டு ஒண்டு கட்டாயம் இரிக்கும். அவன விரட்டாம அவனையே குழுத் தலைவனாப் போடுங்க. குருவி எங்க குந்தும் எண்டு அவனுக்குத்தான் தெரியும்.

ஹக்னி_மட்டு:

நான் மட்டக்களப்பு, இப்ப லண்டன்ல. இந்தத் தலைப்பக் கண்டதும் எழுதாம இருக்க முடியல்ல, ஏனெண்டா இஞ்ச ஒரு கிராமத்துக் கோயில் வளவுல மாரியில குருவி எண்ணுற ஆக்களோட நானும் போறனான். இஞ்சத்தைய கோயில் வளவுகள்ல யூ எண்டு ஒரு மரம், கோயிலவிட வயசு கூடின மரமெல்லாம் இருக்கு. இலை, கொட்டை எல்லாம் நஞ்சு, ஆனா கொட்டையச் சுத்தி இருக்கிற சிவப்புச் சதை மட்டும் நஞ்சில்ல. ஒக்டோபருக்குப் பிறகு ஸ்கண்டிநேவியா, ஐஸ்லாந்துப் பக்கம் இருந்து ரெட்விங், ஃபீல்ட்ஃபெயார் எண்டு பாட்டுக்குருவி வகைகள் வரும், அதுகள் கொட்டையோட முழுசா விழுங்கி கொட்டையக் கழிச்சிரும். மிஸில் த்ரஷ் எண்டு இன்னொண்டு இருக்கு, பழம் இருக்கிற மரம் ஒண்டப் பிடிச்சிக்கொண்டு மாரி முழுக்க ஒருத்தரையும் கிட்ட விடாது, உங்கட கீச்சான் மாதிரித்தான் சண்டை.

இஞ்ச ஆர்எஸ்பிபி எண்ட குருவி பாதுகாக்கிற சங்கம் 1979ல இருந்து ஜனவரி கடைசியில வீட்டுத் தோட்டக் குருவி எண்ண வைக்கிறது. ஒரு மணித்தியாலம், ஒரே நேரத்துல ஆகக் கூடக் கண்ட எண்ணிக்கை, உள்ளான் அண்ணன் சொன்ன அதே விதிதான். ஆனா அவங்கட கணக்குல மேலால பறக்கிறது சேராது, இறங்கி நிண்டா மட்டும்தான். அதால எந்த விதியில எண்ணினதெண்டு கொப்பி முதல் பக்கத்துல எழுதி வைங்க, நடுவுல மாத்த வேணாம்.

ஒரு வித்தியாசம் எனக்கு எப்பவும் மனசுல படும். இஞ்ச மாரியில மரம் மொட்டை, குருவி எல்லாம் கண்ணுக்குத் தெரியும், காலமை எட்டு மணிக்குத்தான் விடியும், நாலு மணிக்கு முதல் இருட்டிரும், குளிர்ல கை விறைச்சு பென்சில் பிடிக்க ஏலாது. நம்மட மாரியில மரம் ஆகப் பச்சையா இருக்கிற நேரம் அது. அதால இஞ்சத்தைய புத்தகத்தப் பாத்து கண்ணால மட்டும் எண்ணப் போனா அங்க பாதி தவறும், காதுதான் வேணும்.

பாதர் இன்னும் யோசிச்சா இதச் சொல்லுங்க. அமெரிக்காவுல நத்தார் அண்டு கூட்டமாத் துவக்கோட போய் ஆர் கூடச் சுடுற எண்டு போட்டி வைக்கிற வழக்கம் இருந்த. 1900ல ஃபிராங்க் சப்மன் எண்டவர் சுடாம எண்ணுவம் எண்டு சொல்ல, அந்த நத்தாருக்கு 27 பேர் எண்ணினாங்க. அது இண்டைக்கும் வருசா வருசம் நடக்குது. நத்தாரும் குருவி எண்ணுறதும் பழைய சொந்தம்தான்.

படுவான்கரையான்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் எண்டு நினைக்கல்ல. காக்கா சொன்ன வயல் கதை நான் யோசிக்கவே இல்லாத விசயம். ரீச்சர், வெள்ளை வால் குருவி வருது, நாவல் மரத்துப் பக்கம்.

இப்ப புதுத் தலையிடி ஒண்டு. நத்தாருக்கு முதல் சேமக்காலையத் துப்பரவாக்கிறதெண்டு கோயில் சபையில முடிவெடுத்திட்டாங்க. நவம்பர் ரெண்டாந் திகதி ஆத்துமாக்கள் திருநாளுக்கு மேலோட்டமாத்தான் கூட்டின, இப்ப சருகு முழுக்க அள்ளி எரிச்சு, வேலிக் கரைப் பத்தையும் வெட்டுறதாம். சருகு கிடந்தா டெங்கு வரும், பாம்பு வரும், பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தா வழக்குப் போடுவார் எண்டு சொல்லுறாங்க. எண்ணத் தொடங்க முதலே எண்ண ஒண்டும் இல்லாமப் போயிருமோ எண்டு இரிக்கு. பெரியாக்களோட வாதாடவும் ஏலாது.

ஓய்வு_பீஎச்ஐ:

சுகாதாரப் பக்கம் கனகாலம் வேல செஞ்ச ஆள் எண்ட முறையில சொல்லுறன். டெங்கு நுளம்பு தண்ணி தேங்குற பாத்திரத்துலதான் முட்டை போடும், நிலத்துல கிடக்கிற சருகுல இல்ல. சேமக்காலையில நான் பாக்கிறது பூச்சாடி, மெழுகுதிரி ஏத்தின கண்ணாடிக் குவளை, பிளாஸ்டிக் கப், யோகட் கோப்பை, சிரட்டை, கல்லறை மேல வெடிச்சுத் தண்ணி நிக்கிற குழி. இதுகள எடுங்க. பூச்சாடியக் கவுத்தா மட்டும் காணாது, முட்டை ஓரத்துல ஒட்டிக்கொண்டு காய்ஞ்சும் மாசக்கணக்கா உயிரோட கிடக்கும், திரும்பத் தண்ணி பட்டாப் பொரிக்கும். அதால உள்ளுக்கு உரஞ்சிக் கழுவி மண் நிரப்பி விடச் சொல்லுங்க. முட்டை நுளம்பாக ஒரு கிழமை பத்து நாள்தான், நத்தாருக்கு ஒருக்கா துப்பரவாக்கிட்டு மறுகா மாசக் கணக்கா விடுறதுல பிரயோசனம் இல்ல. உங்கட புள்ளையள் சனிக்கிழமை சனிக்கிழமை போகப்போகுதுகள்தானே, குருவி எண்ணி முடிய கப்பும் சிரட்டையும் பொறுக்கிக்கொண்டு வந்தா சபைக்கு வேற கதை இல்ல.

பாம்பு உண்மைதான், அத நான் மறுக்கல்ல. சருகுக்குள்ள புள்ளையள இறக்க வேணாம், பாதையில மட்டும், சப்பாத்தோட.

உள்ளான் (கல்லடி):

பீஎச்ஐ ஐயா சொன்னத அப்பிடியே சபையில வாசிங்க. நான் சேக்கிறது ஒண்டுதான். கொடிக்கால் வாலாட்டி, ஆறுமணிக் குருவி ரெண்டும் சருகக் கிளறித்தான் பூச்சி, புழு தின்னுறது. சருகு எரிச்சா அந்த ரெண்டும் அடுத்த நாளே காணாமப் போகும், ஆனா சபையில அதச் சொன்னா குருவியா ஆக்களா எண்டு கேப்பாங்க, அதால அப்பிடிக் கேக்காதீங்க. கல்லறைகளுக்கு நடுவால, நடைபாதையில, கோயிலச் சுத்தி எல்லாம் நல்லாக் கூட்டிக் குடுங்க, நீங்களும் போய் நிண்டு கூட்டுங்க. கூட்டின சருக எரிக்காம பின் வேலிக் கரையிலயும் புளியமரத்துக்குக் கீழயும் போடுவம் எண்டு கேளுங்க. அந்தக் கரையில கல்லறை இல்லத்தானே? எரிக்கிற வேலையும் மிச்சம், நத்தார் நேரம் புகையும் இல்ல. பத்தை வெட்டுறத பெப்ரவரி முடியத் தள்ளிப்போடக் கேளுங்க, எல்லாத்துக்கும் ஓம் சொல்ல மாட்டாங்க, ஒண்டாவது கிடைக்கும்.

நத்தாருக்கு முதல் ஒரு முறையாவது எண்ணிருங்க. 24 ராப் பூசை முடிய சீனவெடி கொளுத்துவாங்க, அதுக்குப் பிறகு ரெண்டு மூண்டு நாளைக்கு வளவு வெறிச்சிரும். அந்தக் கணக்க எழுத வேணாம் எண்டு இல்ல, எழுதுங்க, பக்கத்துல வெடி எண்டு போடுங்க.

படுவான்கரையான்:

பாதரோட கதைச்சன் அண்ண. சருகு பின் வேலிக் கரைக்கு ஓம், புளியமரத்துக்குக் கீழயும் ஓம், பத்தை வெட்டுறது வெட்டுறதுதானாம், அதுல சபைத் தலைவர் இறங்கி வரல்ல. பரவாயில்ல. கப் பொறுக்கிற கதையக் கேட்டதும் மாதர் சங்க அக்காமாருக்கு நல்ல சந்தோசம், தேத்தண்ணி தாறம் எண்டிருக்காங்க புள்ளையளுக்கு. கெட்டபோல் வாண்டையும் தலைவனாப் போட்டாச்சு காக்கா, கெட்டபோல வாங்கி வெச்சிரிக்கன் 😀

வாற சனி மழை விட்டா தொடங்குறம். கடைசியா ஒண்டு மட்டும் சொல்லுங்க. ஆறரைக்கு நாம நிக்கிற நேரம் காகம் படுக்கையில இருந்து எழும்பி வளவுக்கு மேலால போகும், இருநூறோ முந்நூறோ தெரியா, ஒரே கறுப்பு. அத எப்பிடி எண்ணுற?

உள்ளான் (கல்லடி):

ஒவ்வொண்டா எண்ண வெளிக்கிட வேணாம். முதல் பத்து எண்ணுங்க, பத்துக் காகம் எண்டா வானத்துல எவ்வளவு இடம் எண்டு கண்ணால பிடிச்சிக்கொள்ளுங்க, மறுகா அந்த அளவுல பத்து, பத்து, பத்து எண்டு கூட்டத்த வெட்டிக்கொண்டு போங்க. ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி, கதைக்காம எழுதி, மறுகா ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு ஆள் 240, மற்ற ஆள் 260 எண்டா 250 எண்டு எழுதலாம். ஒரு ஆள் 150, மற்ற ஆள் 400 எண்டா ரெண்டு பேரும் அடுத்த கிழமை பக்கத்துல பக்கத்துல நிண்டு வாய்விட்டு எண்ணிப் பழகணும். மேலால போனது நிரல்ல போட மறக்காதீங்க, வளவுல இறங்கி நிண்ட காகம் வேற.

முதல் கணக்கு வந்ததும் இஞ்ச போடுங்க தம்பி.